தீனி கேட்காத மீன்

கடையில் எல்லோருக்கும் அவர் டாக்டர். படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. அதுவும் தட்டுத்தடுமாறித் தேறியது. ஆனால் வண்ணமீன் கடைக்குள் ஒருவர் நுழைந்து, "என் மீன் ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்குங்க" என்று ஆரம்பித்தால் போதும். "மூலையிலே போய் நிக்குதா? துடுப்பை ஒடுக்கி வச்சிருக்கா? தண்ணியை எப்ப மாத்துனீங்க?" என்று இவர் கேட்கிற தோரணையில், வந்தவர் தனக்கே காய்ச்சல் வந்த மாதிரி பயந்து பயந்து பதில் சொல்வார். பெயரை வைத்தது முதலாளி. கிண்டலுக்கு வைத்தது, அப்படியே நின்றுவிட்டது.

கடை ஒரு நீளமான சந்து மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் மூன்று அடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள், நடுவில் ஒரே ஒரு ஆள் நடக்கிற வழி. காற்று மோட்டார்களின் இரைச்சலுக்குள் இருபத்திரண்டு வருஷம் நின்று பேசியதால் டாக்டருக்கு வீட்டிலும் சத்தமாகத்தான் பேச வரும். "நான் பக்கத்துலதான் நிக்கிறேன், கடைசித் தொட்டியில இல்ல" என்பாள் அவர் மனைவி.

மீனின் வாயைப் பார்த்தே அதன் சாப்பாட்டைச் சொல்லிவிடலாம் என்பது டாக்டரின் முதல் பாடம். வாய் மேல்நோக்கி இருந்தால் மிதப்பதைத் தின்னும். நேராக இருந்தால் விழுந்துகொண்டிருப்பதை நடுவழியில் பிடிக்கும். கீழ்நோக்கி இருந்தால் தரையைத் தடவும். தங்கமீனுக்கு இரைப்பை என்று ஒன்று கிடையாது, எவ்வளவு போட்டாலும் ஆளைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும், அதை நம்பி அள்ளிக் கொட்டினால் தண்ணீர் கெட்டு எல்லாம் சேர்ந்து மல்லாந்துவிடும் என்பது இரண்டாவது பாடம். "கேக்குற மீனுக்குக் கம்மியாப் போடுங்க, கேக்காத மீனைத் தேடிப் போடுங்க" என்று வாய் வலிக்கச் சொல்வார்.

இவ்வளவு தெரிந்த மனுஷர்தான் அந்தப் பொய்யையும் சொன்னார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கேட்ட மீனுக்குப் பதிலாக ஒரு பீப்பாய் நிறைய சக்கர் மீன் வந்து இறங்கியது. கறுப்பு உடம்பு, கரடுமுரடான தோல், வாய் அடிப்பக்கம். கண்ணாடியில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டு ஒட்டிக் கிடக்கும். அழகைத் தேடி வருகிறவர்கள் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஒரு அம்மா, "இது என்னங்க, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டபோது டாக்டரின் வாயில் தானாக வந்தது: "இதுதாங்க தொட்டியோட வேலைக்காரன். கண்ணாடியில படியுற பாசி, அழுக்கு எல்லாத்தையும் இதே தின்னுக்கும். தனியாத் தீனியே போட வேண்டாம்."

அது கொஞ்சம் பாசி தின்னும் என்பது உண்மை. அந்தப் பாசி அதன் வயிற்றுக்குக் காணாது என்பதும் உண்மை. முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை டாக்டர் விழுங்கிவிட்டார். ஒரே வாரத்தில் பீப்பாய் காலி. முதலாளி பூரித்துப்போய் இன்னும் வரவழைத்துத் தனித் தொட்டியில் விட்டு, "தீனி வேண்டாம்! தொல்லை இல்லை!" என்று பலகையில் எழுதி அந்தத் தொட்டிக்கு மேலேயே மாட்டினார். சில மாதம் கழித்து யாராவது வந்து, "அது போயிடுச்சுங்க" என்றால், "தண்ணி ஒத்துக்கல போல" என்று சொல்லி இன்னொன்றைப் பையில் பிடித்துக் கட்டிக்கொடுப்பார் டாக்டர். முதல் இரண்டு மூன்று தடவை மனசு உறுத்தியது. அப்புறம் உறுத்தவில்லை. வாய் பழகிவிட்டது.

அவருக்கு ஒரு அக்கா. பதினொரு வயசு மூத்தவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து அடுக்கியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று தம்பி உட்பட யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. தம்பியின் பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து கல்யாணச் சட்டை வரை அவள் தேய்த்துக்கொடுத்ததுதான். இரண்டாவது மாடியில் ஒரு அறையும் ஒரு சமையலறையுமாக இருந்தாள். தரையில் ஒரு மயிரிழை கிடந்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து அக்கா கடைக்குப் போன் செய்ய ஆரம்பித்தாள். காலையில் ஒன்று, "சாப்பிட்டியா?" மத்தியானம் ஒன்று, "சாப்பிட்டியா?" நாலு மணிக்கு, "டீ குடிச்சியா?" கையில் வலையும் அதற்குள் துள்ளுகிற மீனுமாக டாக்டர் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, "ஆச்சுக்கா, ஆச்சுக்கா" என்பார். "பேசாம உங்கக்காவையும் ஒரு தொட்டியில போட்டு இங்கேயே வச்சுக்கோ" என்றார் முதலாளி.

மாதம் ஒருமுறை போகிற வீட்டுக்கு வாரம் ஒருமுறை போனால் இந்தப் போன் நின்றிருக்கும். டாக்டருக்கு அது தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. தோன்றியது, சோம்பலாகவும் இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் ஒரு தொட்டியை ஏற்றிக்கொண்டு போய் அக்கா வீட்டு ஜன்னலோரம் வைத்து, நாலு தங்கமீனும் ஒரு சக்கர் மீனும் விட்டுக்கொடுத்தார். "உனக்குத் துணையா இருக்கும்க்கா" என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தக் கறுப்பனுக்கு என்னடா போடணும்?"

"அதுக்கு ஒண்ணும் வேணாம்க்கா. அழுக்கைத் தின்னுட்டு அதுபாட்டுக்குக் கிடக்கும்."

சொந்த அக்காவிடம் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் எதுவுமே இல்லை. விற்கவா போகிறார்? கேள்வி வந்தது, பழகிய வாய் பதில் சொல்லிவிட்டது. படி இறங்கும்போது ஒரு நொடி நெருடியது. திரும்பி ஏறி இரண்டு மாடி போகக் கால் வலிக்குமே என்று இறங்கியே விட்டார்.

போன் உண்மையிலேயே குறைந்தது. டாக்டருக்கு அப்பாடா என்று இருந்தது. ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"டேய், ஒரு அதிசயம் கேளு. கறுப்பனுக்கும் பெரிய தங்கமீனுக்கும் அவ்வளவு பாசம்டா! அது மேலயே ஒட்டிக்கிட்டுக் கிடக்குது. விலாவுல முத்தம் கொடுத்துக்கிட்டே இருக்கு. இது ஓடினா அதுவும் பின்னாலேயே ஓடுது. கீழ்வீட்டு டெய்லரம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். அவங்களும் அசந்துட்டாங்க."

டாக்டரின் கையிலிருந்த வலை நழுவியது. வலையிலிருந்த மீன் தரையில் விழுந்து துள்ளியது. சக்கர் மீன் இன்னொரு மீனின் விலாவில் ஒட்டுகிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தின்ன வேறு எதுவும் இல்லை. அந்த மீனின் மேல்தோலில் இருக்கிற வழவழப்பை நக்கித் தின்கிறது.

அன்றைக்கே இரண்டு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், மூன்று பஸ் நிறுத்தம் தள்ளியிருந்த அக்கா வீட்டுக்குப் போனார். தொட்டி அப்படியே புதுசு மாதிரி மின்னியது. ஒரு பொட்டுப் பாசி இல்லை. "என்னக்கா, கண்ணாடியை நீ தேய்க்கிறியா?" என்று கேட்டார்.

"ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி தேய்ச்சிடுவேன். பாவம்டா அது. நம்ம வீட்டுக்கு வந்த உசிரு, அழுக்கைத் தின்னுட்டுக் கிடக்கணுமா? என் கையில பலம் இருக்கிறவரைக்கும் அதுக்கு அந்த நெலமை வேணாம்."

டாக்டர் குனிந்து பார்த்தார். கறுப்பன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்ததால் அடிவயிறு நன்றாகத் தெரிந்தது. உள்ளே குழிந்து, முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. மிதக்கிற தீனியைத் தங்கமீன்கள் ஒன்று விடாமல் மேலேயே முடித்துவிடும். கீழே ஒரு துணுக்கும் வந்திருக்காது. பெரிய தங்கமீனின் விலாவில் செதில் உரிந்து சிவந்திருந்தது.

சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான்: "அக்கா, நான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்." ஆனால் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஐந்து மாதம் இரக்கப்பட்டே ஒரு ஜீவனைப் பட்டினி போட்டிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? அதிலும் யார் பேச்சைக் கேட்டு? அவருக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. "கொஞ்சம் டீ போடேன்க்கா" என்றார்.

அவள் சமையலறைக்குள் போன மாத்திரத்தில் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். கடையிலிருந்து கொண்டுவந்தது, தண்ணீரில் மூழ்கிப் போகிற மாத்திரைத் தீனி. ஒரு மூலையில் தங்கமீன்களுக்கு இரண்டு சிட்டிகை தூவி அவற்றை அங்கே இழுத்துவிட்டு, எதிர்மூலையில் அரை மாத்திரையைப் போட்டார். காய்ந்த வயிற்றுக்கு முதலில் அரைதான் போட வேண்டும். "வெளிச்சத்துல கண்ணு கூசுதுக்கா" என்று தொட்டி விளக்கை அணைத்தார். விளக்கு அணைந்ததும் சக்கர் மீன் மெதுவாக இறங்கி, தடவித் தடவிப் போய், மாத்திரை மேல் கவிழ்ந்துகொண்டது. அக்கா டீயோடு வந்தபோது டாக்டர் எதுவும் தெரியாதவர் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்குப் போனார். ஒரே நாளில் தேற்றுகிற விஷயமில்லை அது. முதல் வாரம் டீ கேட்டார். டீ சீக்கிரம் ஆகிவிடுகிறது என்று இரண்டாவது வாரம் ஆம்லெட் கேட்டார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி கேட்டுச் சாப்பிடுகிறான்! வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, தட்டைத் துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மணிக்கே தலை சீவி, வெளுத்த புடவை மாற்றிக்கொண்டு தயாராக இருப்பாள் என்று டெய்லரம்மா படிக்கட்டில் வழிமறித்துச் சொன்னாள். "இந்தக் காலத்துல தினமும் அக்காவைப் பாக்க வர்ற தம்பி எங்கே இருக்கான்? நீங்க நல்லா இருக்கணும்" என்றும் சொன்னாள். டாக்டருக்கு நாலு அறை வாங்கின மாதிரி இருந்தது.

கடையிலும் சும்மா இருக்க முடியவில்லை. யாராவது சக்கர் மீன் தொட்டிப் பக்கம் போனால், "முதலாளி, நீங்க கொஞ்சம் பாருங்க, எனக்கு வயிறு சரியில்ல" என்று பின்பக்கம் நழுவினார். ஒரு தடவை அதற்கும் வழியில்லாமல் போனது. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று நேராக அவரிடமே வந்து கேட்டது. "தனியாத் தீனியே போட வேண்டாம்" என்று தன் வாய் சொல்வதைத் தன் காதாலேயே கேட்டார். அன்றைக்கு மத்தியானம் அக்கா போட்ட ஆம்லெட் இறங்கவில்லை.

வீட்டில் மனைவி ஒரு நாள், கட்டிக்கொடுத்த சாப்பாடு அப்படியே திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன திடீர்னு அக்கா மேல இவ்வளவு அக்கறை?" என்று கேட்டாள். டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "மீனு செத்தாக்கூடப் பரவாயில்லங்க. நீங்க எதுக்கு வர்றீங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்றாள். அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

நாலாவது வாரம் கறுப்பனின் வயிறு மேடிட்டது. கண்ணில் தெளிவு வந்தது. வயிறு நிறைந்ததும் அது தங்கமீனை விட்டுவிட்டது. விலாவில் புதுச் செதில் முளைக்க ஆரம்பித்தது. டாக்டருக்கு மட்டும் அதில் நிம்மதி. அக்கா சோர்ந்துபோனாள்.

"ரெண்டுத்துக்கும் என்னமோ மனஸ்தாபம்டா. கிட்டக்கூடப் போறதில்ல."

இன்னொன்றும் நடந்தது. பகலில் கல்லுக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கிற அந்த மீன், இரண்டு மணி நெருங்கினால் வெளியே வந்து எதிர்மூலையில் காத்திருக்கப் பழகியது. டாக்டரின் சட்டை தெரிந்ததும் கண்ணாடியில் மேலும் கீழும் ஊர்ந்தது. அக்கா கிட்டே போனால் சட்டென்று ஒளிந்துகொண்டது. பின்னே, அவள் கையைத் துணியோடும் தேய்ப்பானோடும்தானே அது பார்த்திருக்கிறது. மீனுக்கு ஒரு வயிறு, ஒரு பயம், இரண்டு மட்டும்தான் தெரியும். அக்காவுக்கு அது தெரியாதே.

ஒரு வியாழக்கிழமை டாக்டர் போனபோது டீக்கு அடுப்பு எரியவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"இதை நீயே எடுத்துட்டுப் போயிடுடா" என்றாள் அக்கா.

"ஏன்க்கா?"

"உன்கிட்டதான் அது நல்லா இருக்கு. அஞ்சாறு மாசமா நான்தான் பாத்துக்கறேன், ஒரு நாள் எனக்கு மொகம் காட்டல. நீ வந்தா மட்டும் குதியாட்டம் போடுது. எனக்கு ராசி அப்படி. எதுவும் என்கிட்ட ஒட்டாது. மீனுகூட ஒட்டாதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண்ணைத் துடைக்கவில்லை; துடைத்தால் தெரிந்துவிடும் என்று அப்படியே விட்டிருந்தாள்.

டாக்டருக்கு முன்னால் கதவு அகலமாகத் திறந்து கிடந்தது. தொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் பொய்யும் கூடவே போய்விடும். தினமும் வர வேண்டாம். மீனும் பிழைத்துக்கொள்ளும். "சரிக்கா" என்று ஒரு வார்த்தை போதும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் போனால், தன்னிடம் எதுவும் ஒட்டாது என்பதை மிச்சமிருக்கிற நாளெல்லாம் அக்கா நம்பிக்கொண்டிருப்பாள். அதற்குச் சாட்சியாக அந்தக் கறுப்பு மீனை நினைத்துக்கொள்வாள்.

கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேலேயே உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

"அது எனக்காக வரலக்கா. இதுக்காக வருது."

எல்லாவற்றையும் சொன்னார். பீப்பாயில் தொடங்கினார். பலகையைச் சொன்னார். படி இறங்கும்போது நெருடியதைச் சொன்னார். முத்தம் கொடுத்ததாக அவள் சொன்னது பசி என்று சொல்லும்போது, சத்தமாகவே பேசிப் பழகியவரின் பேச்சு, பக்கத்தில் இருப்பவளுக்கே எட்டாத அளவுக்கு இறங்கிவிட்டிருந்தது. அக்கா குனிந்து கேட்டாள்.

தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசியிலயா ஒட்டிக்கிச்சு? நான் அதைப் பாசம்னு ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேனேடா."

"உன் மேல தப்பில்லக்கா. அத்தனையும் என் தப்பு."

"அப்ப நீ தினமும் வந்தது?"

டாக்டர் தரையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். அவளும் அதைப் பார்த்தாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். டீ போட்டுக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். கொஞ்சம் தரையில் சிந்தியது. எந்தக் கறையையும் ஒரு நிமிஷம் பொறுக்காதவள் அதைத் துடைக்காமல் நின்றாள்.

அவள் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது டாக்டருக்கு. எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் பொட்டலத்தைப் பிரித்தார். "ரொம்ப சுலபம்க்கா. இப்பவே சொல்லித்தர்றேன். விளக்கை அணைச்சிட்டு ஒரு மாத்திரை. தங்கமீனை முதல்ல அந்தப் பக்கம் இழுத்துடணும். நடுவுல ஒரு நாள் வெள்ளரிக்காயை லேசா வேகவச்சு, முள்கரண்டியில குத்திக் கீழே போட்டாப் போதும். நாலே நாள்ல அது உன்கிட்டயும் வந்து நிக்கும், பாரேன்."

அக்கா பொட்டலத்தை எடுத்தாள். மடித்தாள், ஆஸ்பத்திரி விரிப்பை மடிக்கிற அதே கச்சிதத்தோடு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து. அவர் சட்டைப்பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"வேணாம்டா. சொல்லித்தராதே."

"ஏன்க்கா?"

"நான் கத்துக்கிட்டா நீ வரமாட்டே."

வருவேன்க்கா, சத்தியமா வருவேன் என்று சொல்ல வாயைத் திறந்தார் டாக்டர். வந்தது, "தனியாத் தீனியே போட வேண்டாம்" என்று கடையில் சொல்கிற அதே குரல். அவருக்கே அது காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டார்.